கடற்காற்றில் நாலடுக்குத் தாமரை

"மதினி, நான் வாக்குக் குடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு வலியுல்லா, ஆறிப்போன தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

துப்பட்டியை மடித்துக்கொண்டிருந்த ஹமீதுன்னிசாவின் கை நின்றது. போன வாரம் கலீமுல்லாவின் கறுப்பு மோட்டார் வாசலில் வந்து நின்றதும், கொழுந்தன் மட்டும் ஓடிப்போய் அதில் ஏறிக்கொண்டதும், இறங்கி வரும்போது முகம் தொங்கிப்போய் வந்ததும் அவளை உறுத்திக்கொண்டேதான் இருந்தன. கேட்டபோதெல்லாம் "கல்யாண விஷயம்" என்று மழுப்பினான். மழுப்பியவன் இன்று காலையில் வாயைத் திறக்கிறான். அதுவும் கமிட்டி கூடி முடிவு சொல்லப்போகிற நாள் பார்த்து!

"என்ன வாக்கு?"

"ரவுண்டானா வேலைலேர்ந்து நீங்க வெலகிக்கிறீங்கன்னு."

ஹமீதுன்னிசா துப்பட்டியைப் பெட்டியின் மேல் வைத்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது. நிதானம்தான் கூடும். வலியுல்லாவுக்கு அது தெரியும். அதனால்தான் கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மயிலாப்பூர் ரோடும், சாந்தோம் கடற்கரை ரோடும், அடையாற்றுக்குப் போகும் ரோடும் வந்து கூடுகிற முக்கில் இருக்கிறது அந்த ரவுண்டானா. வட்டமாகக் கல் பதித்து நடுவில் ஒரு விளக்குக் கம்பத்தை நட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் ஒரு லாரி மோதியதிலிருந்து அந்தக் கம்பம் தூக்கக் கலக்கத்தில் நிற்பவன்போலச் சாய்ந்தே நின்றது. சாயங்காலம் காற்று வாங்க வருகிற கூட்டமும், மோட்டாரும், பஸ்ஸும் வருஷத்துக்கு வருஷம் பெருகிவந்தன. பேட்டைப் பெரியவர்கள் கூடிக் கமிட்டி அமைத்து, சாய்ந்த கம்பத்தைப் பிடுங்கிவிட்டு ஊருக்கு அழகாக எதையாவது நடுவில் நிறுத்துவது என்று தீர்மானித்தார்கள். டிசைன் கேட்டார்கள். வந்தவற்றில் கழித்தது போக இரண்டுதான் நின்றன.

ஒன்று, தேனாம்பேட்டையில் இரும்பு வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் கலீமுல்லாவின் மணிக்கூண்டு. மற்றது ஹமீதுன்னிசாவின் சிமெண்ட் தாமரை நீரூற்று. ஒன்றின்மேல் ஒன்றாக நாலடுக்கு.

இதில் சங்கடம் என்னவென்றால், கலீமுல்லாவின் மகன் உமர் ஃபாரூக்குக்கும் ஹமீதுன்னிசாவின் மகள் ஷகீலாவுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. ரம்ஜான் கழிந்ததும் நிக்காஹ்.

"அவரு கேட்டாரா, நீயா சொன்னியா?" என்றாள் ஹமீதுன்னிசா.

"கேக்கல மதினி. 'சம்பந்தி ஆவப்போறவங்க நாலு பேர் முன்னாடி எதிரும் புதிருமா நின்னா நல்லாவா இருக்கும்'னாரு. எனக்கு ஒண்ணும் ஓடல. 'மதினி வெலகிக்குவாங்க'ன்னு வாயில வந்துடிச்சி."

"அப்ப நீங்க வெலகிக்குங்களேன்னு அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

வலியுல்லா திகைத்துப்போய் நிமிர்ந்தான். "அவருகிட்டயா? எப்படி மதினி?"

"என்கிட்ட இப்ப எப்படிச் சொன்னியோ, அப்படி." அவள் அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "தம்பி, உன் வாக்கை நீ யாருக்கு வேணாலும் குடு. என் வாக்கை நீ எப்படிக் குடுப்பே? அது என் வாயிலதானே இருக்கு!"

"இந்தச் சம்பந்தம் தவறிடிச்சின்னா பேட்டையில என்ன பேசுவாங்க, யோசிங்க. அண்ணன் இல்லாத வீடு இது."

"அண்ணன் இல்லாத வீடுதான். ஆள் இல்லாத வீடு இல்ல."

அண்ணன் அப்துல் கரீம் திடீரென்று கண்ணை மூடியபோது, அச்சுகளையெல்லாம் விற்றுவிட்டுப் பட்டறையைப் பூட்டச் சொன்னவர்களில் அவனும் ஒருவன். மதினி, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்களை முடித்த மறுநாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பட்டறைக்குள் வந்து, சிமெண்ட் கலவையைக் கையில் அள்ளிப் பார்த்து, "மணல் ஜாஸ்தி" என்றாள். அன்றைக்குத் தொடங்கியதுதான். இன்று தியாகராய நகரில் எழும்புகிற புது பங்களாக்களில் பாதிக்கு, மாடிக் கைப்பிடியும் ஜன்னல் ஜாலியும் அவள் பட்டறையிலிருந்துதான் போகின்றன.

கதவோரத்தில் வளையல் சத்தம் கேட்டது. ஷகீலா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

ஹமீதுன்னிசா மகளைப் பார்த்தாள். கொழுந்தனுக்குப் பதில் சொல்லிவிடலாம். கலீமுல்லாவுக்கும் சொல்லிவிடலாம். இந்தப் பெண் "போட்டி வேண்டாம் அம்மா" என்று சொல்லிவிட்டால்? உமரின் பெயர் காதில் விழும்போதெல்லாம் இவள் எழுந்து ஏதோ வேலை இருப்பதுபோல அடுப்படிக்குப் போவதைத் தாய் கவனிக்காமலா இருக்கிறாள்?

"நீ சொல்லு ஷகீலா. வாழப்போறவ நீ. நான் வெலகணுமா?"

ஷகீலா சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"இப்ப நீங்க வெலகி நான் அந்த வீட்டுக்குப் போனா, அப்புறம் எல்லாத்துக்கும் நான் வெலகிக்கினே இருக்கணும்மா. அவங்களுக்கும் அது பழகிப்போவும், எனக்கும் பழகிப்போவும்."

ஹமீதுன்னிசா எழுந்தாள். மடித்து வைத்த துப்பட்டியை உதறினாள்.

"குதிரை வண்டிக்குச் சொல்லு தம்பி. நீயும் வா. உன் மூஞ்சியை இப்படி வெச்சுக்காதே, வேலைக்காரங்க பார்த்தா யாரோ மவுத்தாயிட்டாங்கன்னு நினைப்பாங்க."

* * *

கமிட்டியின் தலைவர் சங்கரன் என்பவர் ரிட்டயரான இன்ஜினீயர். "காயிதத்துல பாத்தா எல்லாமே தாஜ்மகாலாத்தான் தெரியும்" என்று சொல்லி அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இரண்டு பேரும் மூங்கிலும் துணியும் கொண்டு, நிஜ அளவிலேயே ஒரு மாதிரி கட்டி அந்த இடத்திலேயே நிறுத்திக் காட்ட வேண்டும்.

வண்டி முக்குக்கு வந்தபோது கலீமுல்லாவின் மாதிரி ஏற்கனவே ரவுண்டானாவின் நடுவில், பழைய கம்பத்தைப் பிடுங்கிய இடத்தில் எழும்பி நின்றது. ஹமீதுன்னிசா திரையை விலக்கிப் பார்த்தாள். மனசறிந்து சொல்ல வேண்டுமானால், கம்பீரமாகத்தான் இருந்தது. ஒரு சின்ன அறை அளவுக்கு அகலமான பீடம். அதன்மேல் பனை உயரத்துக்குக் கோபுரம். உச்சியில் நாலு பக்கமும் கடிகார முகம் வரைந்த அட்டை. உமர் ஃபாரூக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே சலாம் சொன்னான். ஷகீலா அந்தப் பக்கத் திரையை மட்டும் அவசரமாக இழுத்து விட்டுக்கொண்டாள்.

ஹமீதுன்னிசாவின் மாதிரி, ரோட்டோர மணலில் கட்டி முடித்துத் தயாராக இருந்தது. அதைக் கமிட்டி வந்த பிறகு தூக்கி நடுவில் வைப்பதாக ஏற்பாடு. மேஸ்திரி வேலு மூங்கில் இதழ்களுக்குத் துணி சுற்றி, சுண்ணாம்பு பூசி, பார்த்தால் சிமெண்ட் என்றே நம்பும்படி செய்திருந்தான்.

"தண்ணி வுட்டுப் பாக்கலாமா அம்மா?" என்றான்.

கலீமுல்லா துணியைத்தான் காட்டுவார். தான் தண்ணீரையே காட்டிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகத் தோட்டத்துக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற கைப்பம்பு ஒன்றும் பீப்பாய்த் தண்ணீரும் வந்திருந்தன. பட்டறை முற்றத்தில் பல தடவை சோதித்துப் பார்த்தாகிவிட்டது. உச்சியில் பூத்து, இதழ் இதழாக இறங்கி, நாலடுக்கிலும் வழிந்து வருகிற அழகை வேலைக்காரர்கள் எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

வேலு பம்பை அடித்தான். தண்ணீர் எழும்பியது. வெயிலில் தகதகவென்று ஒரு குடைபோல விரிந்தது. வலியுல்லாகூடச் சிரித்துவிட்டான்.

கடல் பக்கமிருந்து காற்று கிளம்புகிற நேரம் அது. முதலில் துணியின் ஓரம் படபடத்தது. அடுத்த நிமிஷம், எழும்பிய தண்ணீர் இதழைத் தொடாமலே பக்கவாட்டில் சாய்ந்து, படுதாவாக ரோட்டைக் கடந்து போயிற்று. கோட்டும் தலைப்பாகையுமாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா, முகத்தில் அறை வாங்கியவர்போலத் திணறி, சைக்கிளோடு சறுக்கி உட்கார்ந்தார்.

"ரோட்டுல போறவாளைக் குளிப்பாட்டறதுக்குன்னு ஒரு கமிட்டியா?" என்று கத்தினார்.

வேலு ஓடிப்போய்த் தூக்கிவிட்டான். அடி ஒன்றும் இல்லை. ஹமீதுன்னிசா தானே போய் மன்னிப்புக் கேட்டு, அவர் முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை உருட்டிப் போகிறவரை நின்றாள். திரும்பி வந்து, "இன்னொரு தடவை அடி" என்றாள்.

அடித்தான். மறுபடியும் ரோடுதான் நனைந்தது. "மெதுவா அடி" என்றாள். மெதுவாக அடித்தால் தண்ணீர் உச்சிக்கு ஏறவே இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டறையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர். அங்கே காற்று ஏது? இங்கே மத்தியானம் கிளம்புகிற காற்று சாயங்காலம் முழுக்க ஓயாது. கூட்டமும் சாயங்காலம்தான்.

வலியுல்லா நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினான். காலையிலிருந்த கலக்கம் போய், அவனுக்கு இப்போது ஜெயிக்கிற ஆசை பிடித்திருந்தது. "தண்ணியக் காட்ட வேணாம் மதினி. துணியை மட்டும் காட்டுவோம். தூரத்துலேர்ந்து பார்த்தா மணிக்கூண்டைவிட நம்மளதுதான் அழகு. வேலை கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம் என்னத்தைப் பார்க்கறது? காத்தை நிறுத்திப்புடுவியா?"

அவள் மணலில் இழுத்துப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தாள். குப்பத்துப் பாஞ்சாலி மீன் விற்றுத் தீர்ந்த கூடையோடு அந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். பட்டறைக்குத் தினமும் மீன் கொண்டு வருகிறவள்.

"இன்னா பாயம்மா, மூஞ்சி சுண்டிப்போய் கீது?"

"தண்ணி காத்துல நிக்க மாட்டேங்குது பாஞ்சாலி."

"இந்தக் காத்துல தலைல கூடையே நிக்காது. தண்ணியா நிக்கும்?" என்று சிரித்துக்கொண்டே அவள் போய்விட்டாள்.

ஹமீதுன்னிசா தன் தாமரையை உற்றுப் பார்த்தாள். எத்தனை நாள் கண்ணை மூடி இதைப் பார்த்திருக்கிறாள்! விட்டுவிட மனசு வரவில்லை. எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும்? தண்ணீர்தான் இங்கே நிற்காது. தாமரை நிற்கும். அப்படியானால் இதழுக்குள் எதை வைப்பது?

எழுந்து ரவுண்டானாவை ஒரு சுற்று நடந்தாள். எதிரியின் மாதிரியையும் ஒரு தடவை பக்கத்தில் பார்க்கலாம் என்றுதான் நடந்தாள். மணிக்கூண்டின் பீடத்தை ஒட்டி ரோட்டைக் கடக்கக் காலை எடுத்து வைத்தவள் சட்டென்று பின்வாங்கினாள். அடையாறு பஸ் பீடத்தின் மறைவிலிருந்து திடுமென்று முளைத்ததுபோல வந்து, புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. அந்தக் கணம்வரை அப்படி ஒரு வண்டி வருவதே தெரியவில்லை.

பீடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து உமர் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமி! ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் இல்ல."

அவன் ஏதோ சொல்ல வந்து, மூங்கில் சாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவள் துப்பட்டியில் படிந்த புழுதியைத் தட்டிவிட்டாள். திரும்பி நடந்தபோது காலடியில் மணல் முழுக்க அடப்பங்கொடி படர்ந்து கிடப்பது கண்ணில் பட்டது. பச்சையாய் இலை, ஊதா நிறத்தில் பூ. உப்புக் காற்றில், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், தானாகச் செழித்துக் கிடந்தது. தினம் மிதித்துக்கொண்டு போகிற கொடி!

"வேலு!" அவள் குரல் காற்றையும் மீறிக் கேட்டது. "மேல் ரெண்டு அடுக்கையும் கழட்டு."

"கழட்டவா? இன்னாம்மா சொல்றீங்க? கமிட்டி வர்ற நேரம் ஆய்க்கினு கீதே!"

"அதனாலதான் சீக்கிரம் கழட்டுன்றேன். நாலடுக்கு எதுக்கு வெச்சோம்? தண்ணி விழுறதுக்கு. தண்ணியே இல்லன்னா உசரம் எதுக்கு? இடுப்பு உசரம் போதும். இதழ் ரெண்டு வரிசை. உள்ள மணலைக் கொட்டி இந்தக் கொடியை வேரோட பிடுங்கி நடு. இதழுக்கு வெளிய வழியட்டும். நடுவுல ஒத்தை மூங்கில். உச்சியில லாந்தர்."

வலியுல்லா தலையில் கை வைத்துக்கொண்டான். "மதினி, கமிட்டிக்குக் குடுத்த படம் வேற. இதைப் பார்த்தா தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும். சரியானதைக் காட்டித் தள்ளுபடி ஆனா எனக்குத் தூக்கம் வரும். நீ நின்னு பேசாம அந்தப் பக்கக் கயிறை அவிழு."

வலியுல்லா ஒரு கணம் நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினான். வண்டித் திரைக்குள் இருந்த ஷகீலாவும் இறங்கிவந்து, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, கொடி பிடுங்க உட்கார்ந்தாள்.

* * *

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கமிட்டி வந்தது. கமிட்டியோடு கூட்டமும் வந்தது. கடற்கரைக்கு வந்தவர்கள், குப்பத்து ஜனங்கள், வேடிக்கை பார்ப்பதற்கென்றே பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் என்று ரவுண்டானாவைச் சுற்றி ஆட்கள் நிறைந்துவிட்டார்கள்.

கலீமுல்லா கோட்டும் துருக்கித் தொப்பியுமாக மோட்டாரிலிருந்து இறங்கினார். மணலோரத்தில் ஹமீதுன்னிசாவைப் பார்த்ததும் அவர் நடை நின்றது. நேரே வலியுல்லாவைப் பார்த்தார். வலியுல்லா கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அவர் நன்றாகவே பேசினார். இந்தக் கடற்கரையில் நேரம் தெரியாமல் எத்தனை பேர் கடைசி பஸ்ஸைத் தவற விடுகிறார்கள் என்றார். தம் பட்டறையில் வார்த்த இரும்பு எத்தனை தலைமுறை நிற்கும் என்றார். கூட்டம் கை தட்டியது. அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை என்று ஹமீதுன்னிசாவே நினைத்துக்கொண்டாள்.

பிறகு மணிக்கூண்டு மாதிரியை ஒதுக்கிவிட்டு, வேலுவும் ஆட்களும் தாமரையைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

சங்கரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்னம்மா இது? நீங்க குடுத்த படத்துல நாலு அடுக்குன்னா இருந்தது? ஜலம்லாம் விழுந்துண்டு இருந்ததே!"

"அதைத்தாங்க நானும் கேட்கிறேன்" என்றார் கலீமுல்லா. "குடுத்தது ஒண்ணு, நிக்கிறது ஒண்ணு. சொன்ன சொல்லும் அப்படித்தான் இருக்கு." கடைசி வாக்கியத்தை அவர் கமிட்டிக்குச் சொல்லவில்லை.

ஹமீதுன்னிசா துப்பட்டியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவள் பேசியது கிடையாது. ஆனால் சொல்ல வேண்டியது தெளிவாக இருந்தது.

"ஐயா, நான் குடுத்த டிசைன் தப்பு."

சலசலப்பு அடங்கிப்போயிற்று.

"என் பட்டறைச் சுவருக்குள்ள வெச்சு அதை நான் போட்டேன். இங்க காத்து அடிக்கிறதை நினைக்கல. மத்தியானம் தண்ணி விட்டுப் பார்த்தேன். ரோட்டுல வந்த ஒரு மனுஷரை நனைச்சுச் சைக்கிளோட கீழ தள்ளிட்டேன். அது தெரிஞ்சப்புறம் அதையே உங்களுக்குக் காட்ட எனக்கு மனசு இல்ல. இது தண்ணி கேக்காத தாமரை. உள்ள இருக்கிறது இந்த மணல்லயே வளர்ற கொடி. இடுப்பு உசரம்தான். பஸ்ஸுல வர்றவருக்கும் நடந்து போறவங்களுக்கும் அந்தப் பக்கம் வர்றது தெரியும். அழகு போதாதுன்னா சொல்லுங்க, ஒத்துக்கிறேன். புதுசா ஆரம்பிக்கணும்னாலும் ஆரம்பிக்கிறேன்."

காற்று பலமாக அடித்தது. இதழ்களுக்கு வெளியே தொங்கிய கொடி அலைந்து ஆடியது. ஊதாப் பூக்கள் இன்னும் வாடவில்லை. குப்பத்துப் பெண்கள் கூட்டத்திலிருந்து யாரோ, "நம்மூட்டு வாசல்ல கீற கொடிடீ!" என்று கூவ, எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் கேலி இல்லை.

சங்கரன் தாமரையை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கலீமுல்லாவிடம் வந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம். உங்க மணிக்கூண்டுக்குப் பீடம் கொஞ்சம் அகலம். எதிர்ல வர்ற பஸ் மறையாதோ?"

"மறையவே மறையாது" என்றார் கலீமுல்லா கணீரென்று. "என் மகன் காலைலேர்ந்து சைக்கிளை ஓட்டிச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டான். அவனையே கேளுங்க."

உமர் ஃபாரூக் ஒதுக்கி வைத்த மூங்கில்களின் பக்கத்தில் நின்றிருந்தான். எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின. அவன் தந்தையை மட்டும் பார்த்தான். மத்தியானமே இவன் சைக்கிளில் போய்த் தந்தையிடம் ஏதோ சொல்லியிருக்கிறான், அவர் வாயை அடக்கியிருக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே ஹமீதுன்னிசாவுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாதே தம்பி என்று ஒரு கணம் அவள் மனசு துடித்தது. ஒரு ரவுண்டானாவுக்காக ஒரு தகப்பனும் மகனும் பிரிய வேண்டுமா? அடுத்த கணம், புழுதியோடு முளைத்து வந்த பஸ் நினைவுக்கு வந்தது.

"மறையுதுங்க" என்றான் உமர்.

சங்கரன் காதைக் கொடுத்தார். "என்ன சொன்னேள்?"

"மறையுதுங்க. அடையாத்துலேர்ந்து வர்ற வண்டி, கிட்ட வர்றவரைக்கும் தெரியல. மத்தியானம் இங்க ஒருத்தங்க தப்பிச்சாங்க." அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "இது என் அத்தா குத்தம் இல்லீங்க. படத்துல அது தெரியாது. நிறுத்திப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது."

கலீமுல்லா அசையவில்லை. தொப்பியின் குஞ்சம் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு கமிட்டிக்கு அதிக நேரம் ஆகவில்லை. தனியே போய்க் கூடிப் பேசினார்கள், கை தூக்கினார்கள். சங்கரன் திரும்பி வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "தாமரைதான். இப்ப நிக்கற இந்தத் தாமரை. படத்தை மாத்தி வரைஞ்சு குடுத்துடுங்கோ அம்மா. விளக்குக் கம்பம் மட்டும் உப்புக் காத்துக்குத் தாங்கறதா, திடமா இருக்கணும்."

வேலு தலைத்துண்டை வீசி எறிந்து பிடித்தான். வலியுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டான். மணல் விழுந்துவிட்டது என்றான்.

கலீமுல்லா ஹமீதுன்னிசாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஜெயிச்சுட்டீங்க. எனக்கு அதுல வருத்தம் இல்ல. ஆனா உங்க வீட்டு வாக்கு எப்படிப்பட்டதுன்னு இன்னிக்குப் பார்த்துக்கிட்டேன்."

"வாக்குக் குடுத்தது நான்தாங்க" என்று வலியுல்லா இடையில் புகுந்தான். இந்தத் தடவை தலை குனியவில்லை. "மதினியக் கேக்காம நான் குடுத்தேன். அவங்களுக்கு இன்னிக்குக் காலைலதான் தெரியும். தப்பு என்னுது."

கலீமுல்லா அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மோட்டாரில் போய் ஏறினார். "உமர்!" என்று கூப்பிட்டார்.

"நீங்க போங்க அத்தா. மூங்கிலைப் பிரிச்சுக் கட்டிட்டு சைக்கிள்ல வர்றேன்."

கறுப்பு மோட்டார் மகன் இல்லாமலே கிளம்பிப் போயிற்று.

* * *

கூட்டம் கலைந்து கடற்கரைக்குப் போயிற்று. உமர் தயங்கித் தயங்கி வந்தான்.

"மாமி, நான் சொன்னது..."

"சரியாத்தான் சொன்னே. வீட்டுக்குப் போய் உன் அத்தாகிட்ட மன்னிப்பும் கேளு."

"சரியாச் சொன்னதுக்கா மன்னிப்பு?"

"நாலு பேர் முன்னாடி அவரு தலை குனிஞ்சதுக்கு. நீ சொன்னதும் சரி, அவருக்கு வலிச்சதும் நிஜம்."

அவள் வண்டியில் ஏறினாள். ஷகீலா ஓரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் நகமெல்லாம் மணல். முகத்தில் சந்தோஷமும் பயமும் மாறி மாறி வந்தன.

வண்டிக்காரர் குதிரையை மயிலாப்பூர்ப் பக்கம் திருப்பினார்.

"வீட்டுக்கு இல்ல" என்றாள் ஹமீதுன்னிசா. "தேனாம்பேட்டைக்கு விடுங்க."

"அம்மா!" என்றாள் ஷகீலா. "அங்கயா? இப்பவா? அத்தனை கோவமாப் போயிருக்காங்களே!"

"இப்பவேதான். நாளைக்குப் போனா சமாதானம் பேசப் போனதா ஆயிடும். இன்னிக்குப் போனா வேலை பேசப் போனதா இருக்கும். அந்தக் கம்பத்தை இரும்புல வார்க்கணும். உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்காம வார்க்கிறவர் இந்தப் பட்டணத்துல எனக்குத் தெரிஞ்சு அவரு ஒருத்தர்தான். வேற யாருகிட்டப் போவேன்?"

வலியுல்லா முன்னால் ஏறிக்கொண்டான். உமர் மூங்கிலை வேலுவிடம் ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். மவுண்ட் ரோடு திருப்பத்தில் ஹமீதுன்னிசா ஒரு காகிதத்தை மடியில் விரித்து, ஷகீலாவிடம் பென்சில் வாங்கி, குலுங்குகிற வண்டியிலேயே ஒரு கம்பத்தை வரைந்தாள். கோடு நேராக வரவில்லை. அடித்துவிட்டு மறுபடியும் வரைந்தாள்.

பட்டறையை ஒட்டிய கலீமுல்லாவின் வீட்டு வாசலில் அவள் கதவைத் தட்டியபோது பொழுது இன்னும் சாயவில்லை. கலீமுல்லாவே கதவைத் திறந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவளைப் பார்த்தார். அவள் பின்னால் முக்காட்டோடு நின்ற ஷகீலாவைப் பார்த்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனையும் பார்த்தார்.

வாசலுக்கு வந்த பெண்களைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. "நீங்க உள்ள வாங்க" என்றார். பிறகு மகன் பக்கம் பாராமலே, ஒரு கையைக் கதவின் குறுக்கே வைத்துக்கொண்டு சொன்னார்: "அவன் வெளியவே நிக்கட்டும்."

உமர் தலை குனிந்துகொண்டான். ஷகீலா தாயின் துப்பட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள்ளிருந்து, "யாருங்க அது?" என்று ஒரு பெண்குரல் வந்தது.

ஹமீதுன்னிசா படியில் காலை வைக்கவில்லை.

"சேர்ந்து வந்தோம். உள்ள வந்தா எல்லாரும் வருவோம். இல்லாட்டி வாசல்லயே பேசிடலாம், எனக்கு ஒண்ணும் இல்ல." காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். "ரவுண்டானாவுக்கு விளக்குக் கம்பம். உங்க பட்டறையில வார்க்கணும். உசரம் பதினெட்டடி. அடியில ஒரு சாண் கனம்."

கலீமுல்லாவின் கண் தன்னையறியாமல் காகிதத்தின் மேல் போயிற்று. மேலிருந்து கீழாக இறங்கிற்று. அடியில் வந்து நின்றது.

"பதினெட்டடிக்கு ஒரு சாண் எந்த மூலைக்கு?" என்றார். "அந்தக் காத்துக்கு ஒடிஞ்சுபோவும்."

"அப்ப எவ்வளவு வேணும்? சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்."

அவர் பென்சிலுக்காகக் கையை நீட்டினார். இன்னொரு கை மட்டும் கதவின் குறுக்கே அப்படியே இருந்தது.